கழுத்து ஸ்கேனும் பக்கவாதமும்

(எருமப்பட்டியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கோழிப்பண்ணை வேலையையும் காட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வெயிலில் இத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பது எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். வழக்கமாக இந்தக் கூடுகையில் பிரசவ வார்டைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் பேசுவோம். இந்த முறை கழுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குக் காரணமாயிருந்தது ஒரு கடிதம்.

இந்தப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் சென்ற வருஷம் எங்களுக்கு எழுதினார்கள். "எங்கள் தகப்பனாரின் ஞாபகார்த்தமாக ஒரு சிறிய ஸ்கேன் மெஷின் வாங்கித் தர விரும்புகிறோம். அதை ஊர் ஊராய் எடுத்துச் சென்று, முகாம் போட்டு, நாற்பது வயது தாண்டிய எல்லாருடைய கழுத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்கு வந்தது இன்னொருவருக்கு வரக்கூடாது" என்று அதில் இருந்தது. இப்படிப்பட்ட கடிதம் வந்தால் மறு தபாலில் நன்றி எழுதி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். இதற்கோ பதில் எழுத மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். அந்தக் குடும்பத்தார் இன்று நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்லுகிறோம். பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் பெரியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பல வருஷம் லாரி ஓட்டியவர். பிறகு ஊரோடு வந்து தோட்டத்தையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பீடிப் பழக்கம் உண்டு. இரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று ஒரு காலத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அவரே நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலை, பண்ணைக் கொட்டகையில் நிற்கும்போது, இடது கண்ணில் மேலிருந்து கீழாகத் திரை இறக்கினாற்போல இருட்டிக்கொண்டு வந்தது. வலி இல்லை, மயக்கம் இல்லை. ஐந்து நிமிஷம். பிறகு திரை விலகிவிட்டது. வீட்டில் பித்தம் என்றார்கள். ஆனாலும் மறுநாள் அவர் எங்களிடம் வந்தார்.

நாங்கள் கண்ணைப் பார்த்தோம். கண் நன்றாயிருந்தது. "கண்ணில் ஒன்றும் இல்லை ஐயா" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து விடியற்காலையில் அவருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன; பேச்சும் போய்விட்டது. இரண்டு வருஷம் படுக்கையில் இருந்து காலமானார்.

நாங்கள் சொன்னதில் பொய் இல்லை, கண்ணில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. வியாதி கண்ணுக்கு ஒரு சாண் கீழே, கழுத்தில் இருந்தது. அன்றைக்கு அங்கே நாங்கள் கை வைத்துப் பார்க்கவில்லை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தார் இதை ஒரு நாளும் எங்கள்மேல் குற்றமாகச் சொன்னதில்லை. மாறாக மெஷின் வாங்கித் தருகிறோம் என்று எழுதினார்கள். ஆகவேதான் அந்தக் கடிதத்திற்குச் சீக்கிரமாய்ப் பதில் எழுத எங்களால் கூடவில்லை.

இப்போது கழுத்துக்கு வருவோம். குரல்வளைக்கு இரண்டு பக்கமும் விரலை மெதுவாக வைத்தால் துடிப்பது தெரியும். ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டாம். இதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் கரோட்டிட் இரத்தக் குழாய். நம் ஊரில் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். நரம்பு வேறு, இரத்தக் குழாய் வேறு. இருதயத்திலிருந்து தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இவைதாம். தாடைக்குச் சற்றுக் கீழே ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குப் போகிறது. மற்றொன்று மூளைக்குப் போகிறது, போகிற வழியில் கண்ணுக்கும் ஒரு சிறு கிளை விடுகிறது. அந்தப் பெரியவரின் கண்ணில் திரை இறங்கியது அந்தச் சிறு கிளையின் வழியாய்த்தான்.

குழாய் பிரிகிற அந்த இடத்தில்தான் கொழுப்பு வந்து படிகிறது. சொட்டு நீர்ப் பாசனம் போட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். போர்த் தண்ணீரின் உப்பு குழாய் முழுவதும் ஒரே சீராகவா படிகிறது? வளைவிலும் பிரிவிலும், தண்ணீர் சுழன்று நிதானப்படுகிற இடத்தில்தானே அதிகமாய்ப் படிகிறது? இரத்தமும் அப்படியே. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு இவையெல்லாம் குழாயின் உள்சுவரைக் கெடுக்கின்றன. கெட்ட சுவருக்குள் கொழுப்பு புகுந்து மேடு கட்டுகிறது. இதைப் படிவு என்று சொல்லுவோம்.

படிவு வளர்ந்து வளர்ந்து குழாயை முழுவதும் மூடிவிடும்போதுதான் பக்கவாதம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். சில பேருக்கு அப்படியும் வரலாம். ஆனால் சொட்டு நீர்க் குழாயில் நீங்கள் அடிக்கடி காணும் தொல்லை எது? பெரிய குழாயில் படிந்த உப்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து, தண்ணீரோடு ஓடி, கடைசியில் ஒரு சொட்டுவாயை அடைத்துக்கொள்கிறது. பெரிய குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அந்த ஒரு செடி மட்டும் வாடும். கழுத்துப் படிவும் பெரும்பாலும் இப்படித்தான் கெடுதல் செய்கிறது. மேல்மூடி வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு மேலே போகிறது. அது சிறியதாயிருந்து கரைந்துவிட்டால் கண் ஐந்து நிமிஷம் இருட்டும், கை பத்து நிமிஷம் மரத்துப்போகும், வார்த்தை குழறும், பிறகு சரியாகிவிடும். துணுக்கு பெரியதானால் சரியாகாது.

இடது கழுத்துக் குழாயிலிருந்து போனால் இடது கண் இருட்டும். ஆனால் விழுவது வலது கை. மூளையின் இடது பாதி உடம்பின் வலது பாதியை ஆளுகிறபடியால் இப்படி ஆகிறது. 1951-ல் கனடா தேசத்தின் மான்ட்ரியல் பட்டணத்தில் மில்லர் ஃபிஷர் என்ற டாக்டர் இந்த எதிர்ப்பக்கக் கணக்கைக் கவனித்துத்தான், பக்கவாதத்தின் காரணத்தைக் கழுத்தில் தேட வேண்டும் என்று உலகத்துக்கு எழுதினார். அதுவரை பக்கவாதத்தால் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது கழுத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிருக்கவில்லை. மண்டையைத் திறப்பார்கள், மார்பைத் திறப்பார்கள், நடுவில் உள்ளதை விட்டுவிடுவார்கள். நாங்களும் எங்கள் பெரியவர் விஷயத்தில் நடுவில் உள்ளதைத்தான் விட்டுவிட்டோம்.

உயிரோடிருப்பவரின் கழுத்துக் குழாயைப் படமாய்ப் பார்க்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. 1927-ல் போர்ச்சுக்கல் தேசத்தில் எகாஸ் மோனிஸ் என்பவர் இந்தக் குழாய்க்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். நல்ல படம்தான். ஆனால் கழுத்துக் குழாயிலேயே ஊசி குத்த வேண்டும், அதனாலேயே சிலருக்குப் பக்கவாதம் வந்துவிடும். நம் தேசத்தில் மூளை அறுவை சிகிச்சைக்கென்று முதல் பிரிவு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களால் 1949-ல் தொடங்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிவோம். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு உலகமெங்கும் இருந்த வழி இந்த ஊசிப் படம் ஒன்றுதான். சி.டி. ஸ்கேன் எல்லாம் எழுபதுகளில் வந்தவை.

1954-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரிக்கு 66 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். சுமார் ஐந்து மாதத்தில் 33 முறை அவருக்கு வலது பக்கம் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது. பேச்சு போயிருக்கிறது, இடது கண் இருட்டியிருக்கிறது. முப்பத்து மூன்று எச்சரிக்கை! மூளைக்கு இரத்தம் நிற்கிற சில நிமிஷங்களில் கேடு வராதபடி அவருடைய உடலைக் குளிர்வித்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துக் குழாயை ஒட்டுப்போட்டார்கள். அந்தத் தொல்லை அவருக்கு நின்றுவிட்டது. ஆனாலும் இந்த ஆபரேஷன் யாருக்கு உண்மையில் பிரயோஜனம் என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல இன்னும் 37 வருஷம் ஆயிற்று. 1991-ல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியில், எச்சரிக்கை வந்து, குழாயும் 70 சதவிகிதத்துக்குமேல் சுருங்கியிருந்தவர்களைப் பார்த்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்கு 26 பேருக்கு அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு வந்தது. இன்று நல்ல கொழுப்பு மாத்திரைகள் வந்துவிட்டபடியால் கணக்கு சற்று மாறியிருக்கலாம். ஆனாலும் எச்சரிக்கை வந்தவருக்கு, குழாயும் மிகவும் சுருங்கியிருந்தால், ஆபரேஷன் பெரிய உதவி என்பதில் சந்தேகம் இல்லை. அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

கடிதத்தில் கேட்ட ஸ்கேன் மெஷின் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பதே தான். கழுத்துக்கு வேறொரு கைக்கருவி, அவ்வளவே. ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, வலி இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் படமாக்குகிறது. குழாயின் சுவர் இரண்டு கோடுகளாய்த் தெரியும். அந்தக் கோடுகளின் இடைவெளி சுவரின் உண்மையான தடிப்போடு ஒத்துப்போகிறது என்று 1986-ல் இத்தாலியில் பிக்னோலி என்பவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஆரோக்கியமான சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஓரிடம் மட்டும் மேடாகி ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைப் படிவு என்கிறோம்.

இரத்தம் எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்பதையும் இந்த மெஷின் சொல்லும். இதை நாமக்கல்காரர்களுக்கு விளக்குவது சுலபம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது ஒரு சத்தம், தாண்டிப் போகும்போது சத்தம் இறங்கிவிடுகிறது அல்லவா? ஆஸ்திரியா தேசத்து டாப்ளர் என்பவர் 1842-ல் இந்தக் கணக்கை எழுதி வைத்தார். ஓடுகிற இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதேபோல மாறுகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். அப்படியே குழாய் சுருங்கிய இடத்தில் இரத்தம் விரைகிறது. வினாடிக்கு 125 சென்டிமீட்டருக்குமேல் போனால் பாதிக்குமேல் சுருக்கம் என்றும், 230-க்குமேல் போனால் 70 சதவிகிதத்துக்குமேல் என்றும் ஏறக்குறைய மதிப்பிடுகிறார்கள்.

சமீப காலத்து ஆராய்ச்சி இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறது. குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதோடு, படிவு எப்படிப்பட்டது என்றும் பார்க்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் வெள்ளையாய்த் தெரிவது பெரும்பாலும் சுண்ணாம்பு ஏறி இறுகிய படிவு. கறுப்பாய், மங்கலாய்த் தெரிவது உள்ளே கொழுப்போ இரத்தமோ நிறைந்த மெத்தென்ற படிவு. பழுத்த கட்டியைப்போல மேல்தோல் மெலிந்திருக்கும். பிந்தினதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படிவுக்குள் இரத்தம் கசிந்திருப்பதைத் தனியாகவே காண முடிகிறது. பாதி கூடச் சுருங்காத குழாயிலும் இப்படிப்பட்ட கெட்ட படிவு இருக்கலாம். ஆகையால் "சுருக்கம் கொஞ்சம்தான், பயமில்லை" என்று சொல்லி அனுப்புவதும் இப்போது சரியல்ல.

நம்முடைய ஜனங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் அவர்களின் குழுவினர், நடுத்தரக் குடும்பங்கள் வாழும் ஒரு பகுதியிலும் ஏழைகள் வாழும் ஒரு பகுதியிலும் வீடு வீடாய் நடத்திய ஆராய்ச்சியில் இதே கழுத்துச் சுவரை அளந்தார்கள். 2000-ல் அதை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 0.74 மில்லிமீட்டர், உள்ளவர்களுக்கு 0.95. சுவர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லத்தக்க அளவை எட்டியவர்கள் சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு இருபது பேர். இருபது பேர், சகோதரரே! இவர்களில் யாரும் கழுத்து வலிக்கிறது என்று வந்தவர்கள் இல்லை. வீட்டில் இருந்தவர்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே? கடிதம் கேட்டது இதைத்தான். நாங்கள் மூன்று மாதம் யோசித்ததும் இதைப் பற்றித்தான்.

ஒரு கிராமத்தில் சுகமாய் இருக்கிற ஆயிரம் பேருக்கு முகாம் போட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய சுருக்கம் உள்ளவர் மிகச் சிலரே கிடைப்பார்கள். சந்தேகம் என்று நாங்கள் சொல்லும் பலருக்கு உண்மையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போய் சி.டி. எடுப்பார்கள், அதற்கு ஆட்டை விற்பார்கள், நகையை அடகு வைப்பார்கள். யாராவது அவர்களுக்கு ஆபரேஷன் செய்வார்; அந்த ஆபரேஷனாலேயே ஓரிருவருக்குப் பக்கவாதம் வரக்கூடும். அமெரிக்காவில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நோய்த்தடுப்புப் பணிக்குழு இதையெல்லாம் எடைபோட்டு, தொல்லை ஏதுமில்லாத பொதுமக்களுக்குக் கழுத்து ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று 2014-லும், மறுபடி 2021-லும் சொன்னது. பணம் நிறைந்த தேசத்திலேயே வேண்டாம் என்கிறார்கள்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம், 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றியது. நம் ஜனங்களுக்கும் மற்ற ஆசிய ஜனங்களுக்கும் மண்டைக்குள் இருக்கும் குழாய்களில் சுருக்கம் வருவது மேல்நாட்டாரைவிட அதிகம். கழுத்து ஸ்கேன் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. இருதய வால்வு கெட்டு, அங்கிருந்து துணுக்கு போய்ப் பக்கவாதம் வருகிற இளவயதுப் பெண்கள் நம் வார்டில் உண்டு. கொதிப்பு ஏறி மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கிறவர்கள் உண்டு. இவர்களுடைய கழுத்தெல்லாம் ஸ்கேனில் சுத்தமாய்த் தெரியும். "மிஷன் ஆஸ்பத்திரியில் மெஷினில் பார்த்துவிட்டார்கள், எனக்கு ஒன்றுமில்லை" என்று ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஒருமுறை கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள் நாங்கள். மறுபடியும் ஆயிரம் பேருக்கு அதைச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

மற்றொரு காரியமும் உண்டு; இதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். அல்ட்ராசவுண்ட் மெஷினை நினைத்த ஊருக்கெல்லாம் தூக்கிச் செல்ல நம் தேசத்தின் சட்டம் இடங்கொடாது. கர்ப்பத்தில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், கைக்கு அடக்கமான மெஷின்களுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். கழுத்தைப் பார்க்கும் மெஷின் வயிற்றையும் பார்க்குமே! தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் ஏன் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது என்பதை இங்கே உள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது, 1997-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. சட்டம் எங்களுக்கு எழுத்து வேலையை அதிகமாக்குகிறதுதான். ஆனால் அந்தச் சட்டத்தைக் குறித்து நாங்கள் முறுமுறுக்கப் போவதில்லை.

இவ்வளவும் கேட்டபின், மெஷின் வேண்டாம் என்று சொல்லப் போகிறோம் என்று அந்தக் குடும்பத்தார் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. மெஷினைப் பெற்றுக்கொள்ளுகிறோம். அது ஊர் சுற்றாது. ஆஸ்பத்திரியில், பதிவு செய்த அறையில் இருக்கும்.

முதலாவது, எச்சரிக்கை வந்தவர்களுக்கு. ஒரு கண்ணில் திரை இறங்கி விலகினவர், முகம் ஒரு பக்கம் கோணி நேரானவர், கை சிறிது நேரம் வராமல்போய்த் திரும்பினவர், பேச்சுக் குழறிச் சரியானவர் எந்த நாளில் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், அன்றைக்கே கழுத்து பார்க்கப்படும், மருந்து தொடங்கப்படும், வேண்டுமானால் பெரிய இடத்துக்கு அனுப்பப்படும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பட்டணத்து டாக்டர்கள் இப்படி உடனடியாகப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்து 2007-ல் அதன் பலனை எழுதினார்கள். முன்பு மூன்று மாதத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வந்த பக்கவாதம் இரண்டு பேராய்க் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை, இருந்த மருந்தைத் தாமதமில்லாமல் கொடுத்தார்கள். எங்கள் வெளி நோயாளர் பிரிவில் கண்ணுக்கு வருகிறவர்களிடம் இப்போது இரண்டு கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது. ஒரு கண்ணா இரண்டு கண்ணா? திரை போல இறங்கியதா? அந்தப் பெரியவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது.

இரண்டாவது, சர்க்கரையும் கொதிப்பும் இருந்து மாத்திரை சாப்பிட மனமில்லாதவர்களுக்கு. இது உங்களுக்கு வேடிக்கையாய் இருக்கலாம். சுவீடன் தேசத்தின் வடக்கில் 3532 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அந்தப் பலனைப் படமாய் வரைந்து, குழாயின் வயதை அவர்களுடைய சொந்த வயதோடு ஒப்பிட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணமிட்டு வீட்டுக்கு அனுப்பி, ஒரு நர்ஸ் தொலைபேசியிலும் பேசினார். அவர்களுடைய டாக்டருக்கும் படம் போயிற்று. மற்றப் பாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து, படம் பார்த்தவர்களின் ஆபத்துக் கணக்கு மற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. 2019-ல் இது வெளியாயிற்று. எங்கள் அனுபவமும் இதற்கு ஒத்திருக்கிறது. கொதிப்பு நூற்று எழுபது என்று சொன்னால் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே டாக்டர்" என்பார்கள். குழாய்க்குள் இருக்கும் மேட்டைத் திரையில் காட்டினால் பேச்சு நின்றுவிடும். ஒரு லாரி டிரைவர் அந்தப் படத்தை வாங்கி வண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பீடி விட்டுவிட்டாராம். பார்ப்போம்.

முகாமும் உண்டு. ஆனால் அதில் போவது கொதிப்புப் பார்க்கும் பட்டையும் சர்க்கரை ஊசியும்தான். ஸ்கேன் மெஷினின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டையின் விலை ஒன்றுமே இல்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் முதல் இடம் அதற்குத்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசாங்கத்தின் சகோதரிகள் வீட்டுக்கே வந்து இதைப் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் வரும்போது காட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்லாதேயுங்கள். இந்தக் குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது, மெஷினோடு கூட இருபது பட்டைகளும் உங்கள் தகப்பனாரின் பெயரால் கொடுங்கள் என்பதே. அவர்கள் ஐம்பது கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு ஐயா கேட்டார்: "கை மரத்தால் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு படுத்துவிடலாமா?" வேண்டாம் ஐயா. அடைப்பா வெடிப்பா என்று சி.டி. எடுத்தால்தான் தெரியும், வெடிப்பாயிருந்தால் ஆஸ்பிரின் கெடுதல். புறா இரத்தம் பூசுவதும் வேண்டாம். புறா பிடிக்கப் போகிற நேரம் வீண். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு நாலரை மணி நேரம்தான் உண்டு, சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். 108-க்குப் போன் செய்து, சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோகச் சொல்லுங்கள். எங்களிடம் கொண்டுவர வேண்டும் என்றில்லை. கை விழுந்த நேரம் கடிகாரத்தில் எத்தனை மணி என்று மட்டும் ஒருவர் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனவுடன் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.